நிலம் நோக்கி நடக்கும் அறம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாணம் சைத்திர மாதத்து வளர்பிறைத் திரயோதசியில் கொண்டாடப்பெறுகிறது. தமிழ் மாதக் கணக்கில் அது பங்குனியிலோ சித்திரையிலோ அமையும். அபிஷேகம், ஊர்வலம், அன்னதானம், அறவுரை என ஆலயங்கள் நிறைந்திருக்கும் அந்நாளில், வட சென்னையின் ஆளற்ற வெளிகளில் வேறொரு நிகழ்வும் நடந்துகொண்டிருக்கும். எண்ணூர்க் கழிமுகத்தின் கரையோரங்களிலும், மணலித் தொழிற்பகுதியின் காலி மனைகளிலும், மீஞ்சூர், பொன்னேரி வட்டார வயல்களிலும் வாழும் ஆட்காட்டிப் பறவைகள் வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாக்கும் பருவம் அது. பெருமானின் பிறந்தநாளும் அப்பறவையின் பேறுகாலமும் ஒரே பருவத்தில் கூடிவருவதால், அவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கம்.

தரையே கூடு

கூடு என்றவுடன் மரக்கிளையும், பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவியின் பின்னலும் மனத்தில் எழும். மரத்தை நாடாத பறவைகளும் பல உள்ளன. ஆட்காட்டி, உப்புக்கொத்தி, கண்கிலேடி, ஆலா, வானம்பாடி, நெட்டைக்காலி, கௌதாரி, காடை, பக்கி ஆகியவை தரையிலேயே முட்டையிடுவன. முனிவர்களின் கையில் விளங்கும் பீலியை உதிர்த்துத் தரும் மயிலும், புதர் மறைவில் தரையில் சிறு பள்ளம் செய்தே முட்டையிடுகிறது.

இவற்றுள் எவரும் எளிதில் காணத்தக்கது சிவப்பு மூக்கு ஆட்காட்டி. நெஞ்சால் மண்ணை அழுத்தி, உள்ளங்கையளவு பள்ளம் ஒன்றை அது செய்துகொள்ளும். சுற்றிலும் சில கூழாங்கற்கள், உலர்ந்த ஆட்டுப் புழுக்கை, மண்ணாங்கட்டி ஆகியவற்றைச் சேர்க்கும். பெரும்பாலும் 4 முட்டைகள். கூரிய முனை உள்நோக்கி இருக்குமாறு அவை அடுக்கப்பட்டிருக்கும். மண்ணின் நிறத்தில் கரும்புள்ளிகளுடன் இருப்பதால், பத்தடித் தொலைவில் நிற்பவரின் கண்ணுக்கும் அவை தென்படா. தாயும் தந்தையும் மாறி மாறி ஏறத்தாழ 28 முதல் 30 நாள்கள் அடைகாக்கும். நண்பகல் வெயிலில் அடைகாத்தல் என்பது வெப்பம் தருவதன்று, வெப்பத்தைத் தடுப்பது. பெற்றோர் முட்டைகளின்மேல் நின்று நிழல் தருவதும், அருகிலுள்ள நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் ஆய்வாளர்கள் பதிவுசெய்த செய்திகள். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்திலேயே எழுந்து நடக்கத் தொடங்கும். ஆனால் பறப்பதற்கு ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும். அதுவரை ஆபத்து வந்தால் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு அசையாது கிடப்பதே அவற்றின் ஒரே தற்காப்பு.

இத்தனை ஏற்பாடும் கண்ணுக்குப் புலப்படாதிருத்தல் என்ற ஒன்றை நம்பியே அமைந்துள்ளது. காகத்திடமிருந்தும் கீரியிடமிருந்தும் காக்கும் அதே மறைவு, வண்டிச் சக்கரத்தின் முன்னும் ஏரின் முன்னும் பயனற்றுப் போகிறது. முட்டையை நசுக்கிய ஓட்டுநருக்குத் தாம் ஓர் உயிரைக் கொன்றோம் என்பது தெரியாது. இரவு வீடு திரும்பி, கொல்லாமையைப் போற்றும் மனிதராகவே அவர் உறங்குவார். இங்கே கொலை கொடுமையால் நிகழ்வதில்லை, காணாமையால் நிகழ்கிறது. இவ்வுரை சொல்ல விழைவது இந்த ஒன்றையே.

ஆட்காட்டி இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் பறவையன்று. எனினும், தரையில் முட்டையிடும் இனங்களுள் முன்பு பரவலாக இருந்து இன்று அரிதாகிவிட்டவை உள்ளன. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒரே முட்டையிடும் கானமயில், முற்காலத்தில் தமிழகம் உள்ளிட்ட பல மாநிலங்களின் வெட்டவெளிகளில் வாழ்ந்தது. இன்று பெரும்பாலும் இராசஸ்தானத்தில் மட்டும் சிறு எண்ணிக்கையில் எஞ்சியுள்ளது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு கிடைத்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்து வருகின்றன என்றும், புல்வெளி போன்ற திறந்த நிலங்களை நம்பி வாழும் பறவைகள் மிகவும் பாதிக்கப்பட்டுள்ளன என்றும் அது கூறுகிறது. அவ்வறிக்கைக்கு அடிப்படையாக அமைந்த தரவு, ஊதியம் பெறாத ஆயிரக்கணக்கான பறவை நோக்கர்கள் தத்தம் ஊர்களில் கண்டு எழுதிய குறிப்புகளே. எண்ணி எழுதியவர் இல்லையெனில், குறைவு என்பதே எவருக்கும் தெரிந்திராது.

நுகத்தடி அளவு

ஜினதருமத்தில் முனிவர்களுக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. பகல் வெளிச்சத்தில், பிறர் நடந்து பழகிய வழியில், முன்னே ஒரு நுகத்தடி அளவு, அதாவது நான்கு முழத் தொலைவு, நிலத்தை நோக்கியவாறு நடக்க வேண்டும் என்பது அதன் விதி. அமரும் முன்பும், பொருளை வைக்கும் முன்பும் மயிற்பீலியால் இடத்தை மெல்ல விலக்க வேண்டும். மழைக்காலத்தில் மண்ணெங்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதால், நான்கு மாதம் ஓரிடத்திலேயே தங்க வேண்டும். இவ்விதிகள் அனைத்தும் நிலத்தைக் குறித்தவை; நிலத்தின்மேல் காலை வைக்கும் முன் அங்கே இருப்பவர் யார் என்று பார்க்கச் சொல்பவை.

அந்த அளவுக்கு நுகத்தடி என்று பெயர் அமைந்தது கருதத்தக்கது. நுகத்தடி உழவரின் கருவி. துறவியின் பார்வைக்கு உழவரின் கருவியே அளவுகோலாயிற்று. தமிழ்ச் சமணர் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக நிலத்தை நம்பி வாழ்ந்த வேளாண் குடியினர். ஏர் பூட்டி உழுத நாளில், உழவர் மாட்டின் பின்னே நடந்தார். அவர் கண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே சில அடிகளே இருந்தன. ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால், ஏரை நிறுத்தி, முட்டைகள் கிடக்கும் சாலை விட்டு விலகி உழுவது அன்று எளிதாக இருந்தது.

இன்று நுகத்தடி இல்லை. டிராக்டர் ஓட்டுநர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறார். ரோட்டவேட்டர் ஒரே ஓட்டத்தில் அகலமான நிலத்தைப் புரட்டிவிடுகிறது. எஞ்சின் ஒலியில் பறவையின் கூக்குரல் கேட்பதில்லை. நிலத்துக்கு உரிமையானவர் சென்னையில் இருக்கிறார். குத்தகைதாரர் நேரத்துக்கு வாடகை கொடுக்கிறார். இவர்களுள் எவரும் கொடியவரல்லர். ஆயினும், முன்னே நான்கு முழம் பார்ப்பவர் என்று அங்கே எவரும் இல்லை. ஈர்யா சமிதியைக் கடைப்பிடிக்க வேண்டிய கண்கள் அந்த வயலிலிருந்து நீங்கிவிட்டன.

இல்லறத்தாருக்குத் துறவியின் மாவிரதம் விதிக்கப்படவில்லை, அணுவிரதமே விதிக்கப்பட்டது. வேண்டுமென்றே செய்யும் கொலையை முற்றிலும் விலக்க வேண்டும். இல்வாழ்விலும் தொழிலிலும் நேரும் துன்பத்தை இயன்றவரை குறைக்க வேண்டும். "இயன்றவரை" என்ற சொல்லில் தான் இல்லறத்தாரின் பொறுப்பு முழுவதும் அடங்கியுள்ளது. இயலுமா என்று அறியவேண்டுமெனில், முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உமாசுவாமி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, உயிர் பிரிவதை மட்டும் கூறாமல், அதற்குக் காரணமான பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, முன்வைக்கிறது. தெரியாமல் நடந்துவிட்டது என்ற விடை, தெரிந்துகொள்ள முயன்றவருக்கே பொருந்தும்.

வட சென்னையின் மண்

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் கரைக்கு, தரையை இழந்த கரை என்றே பெயரிடலாம். சென்னைக் கடலோரத்தில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் மதில்கள் கடலுக்குள் எழுந்தபோது அந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்று பெருத்தது. வடக்கே காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. இன்று அக்கரையின் பெரும்பகுதியில் கருங்கற்களே குவிந்துள்ளன. கல்லின்மேல் உப்புக்கொத்தி முட்டையிடாது. கடலாமையும் ஏறி வராது.

அதற்கு வடக்கே கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகமும், பக்கிங்காம் கால்வாயும், சதுப்புகளும், உப்பளங்களும், பழவேற்காடு ஏரியும் தொடர்கின்றன. பழவேற்காட்டின் தமிழகப் பகுதி 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குத் தெற்கே அனல்மின் நிலையங்களும், 2001இல் செயற்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் எழுந்த காட்டுப்பள்ளித் துறைமுகமும் உள்ளன. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்ததை எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து கழிமுகத்தில் பரவியபோது, இறகுகளில் எண்ணெய் படிந்த கூழைக்கடாக்களின் படங்களை நாடெங்கும் மக்கள் கண்டனர். நீரில் நேர்ந்த கேடு படத்தில் தெரிந்தது. தரையில் அழியும் முட்டைக்கு அத்தகைய படம் இல்லை.

இத்தகைய தொழிற்பகுதிகளில் பறவைக்கு ஒரு மயக்கமும் நேர்கிறது. கடலடி மண்ணைத் தூர்வாரிக் கொட்டிய மேடு, மனிதருக்குக் கட்டுமான நிலம். ஆலாவுக்கும் உப்புக்கொத்திக்கும் அது ஆற்று மணல்திட்டைப் போலத் தோன்றும். சிங்கப்பூரில் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலங்களில் சிறிய ஆலாக்கள் முட்டையிட்டதுண்டு. ஆட்காட்டியோ இருப்புப்பாதையின் சரளைக்கற்களுக்கு நடுவிலும், கட்டடங்களின் மொட்டைமாடியிலும்கூட முட்டையிட்டதாக இந்தியாவில் பதிவுகள் உள்ளன. மதில் சூழ்ந்த தொழிற்சாலை வளாகத்தின் காலி நிலம், ஆடுமாடு புகாத அமைதியான இடம் என்று பறவைக்குத் தோன்றுகிறது. ஒருநாள் காலையில் சரக்குப் பெட்டக லாரி அங்கே திரும்புகிறது.

கண்டு காத்தவர்கள்

இந்நிலையில் தனி மனிதர் என்ன செய்ய முடியும் என்ற வினா எழும். விடை சென்னையிலேயே உள்ளது. மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் நகரின் தென்பகுதிக் கடற்கரையில் இரவு நடையை மேற்கொண்டு வருகிறது. சனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை, மணலில் ஆமையின் தடத்தைத் தேடி இளைஞர்கள் மைல் கணக்கில் நடக்கிறார்கள். முட்டைகளைப் பாதுகாப்பான பொரிப்பகத்தில் வைத்து, குஞ்சுகள் வெளிவந்ததும் கடலில் சேர்க்கிறார்கள். அவர்கள் கையில் பெருஞ்செல்வமோ அதிகாரமோ இல்லை. மண்ணைப் பார்த்து நடக்கப் பழகிய கண்களே அவர்களின் முதல்.

தொழிற்பகுதியிலும் இது கூடும் என்பதற்கு ஜப்பான் சான்று. டோக்கியோ மாநகரின் ஓட்டா வட்டாரத்தில், விமான நிலையத்துக்கு அருகே மொரிகசாக்கி என்னும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ளது. அதன் பரந்த மேற்கூரையில் சிறிய ஆலாக்கள் முட்டையிட்டிருப்பது 2001இல் கண்டறியப்பட்டது. அப்பகுதி மக்கள் ஒன்றுகூடி, நிலைய நிர்வாகத்தின் இசைவுடன், கூரையில் கிளிஞ்சல்களையும் உடைத்த கற்களையும் பரப்பி, களை எடுத்து, ஒவ்வோர் இனப்பெருக்கப் பருவத்திலும் கூடுகளை எண்ணிக் காவல் காத்து வருகின்றனர். கழிவுநீர் நிலையமும் ஒரு பறவைக்கு இடமளிக்க முடிந்தது.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நெல்வயல்களின் நடுவே கூடமைக்கும் சாரசக் கொக்குகளைக் கிராமத் தன்னார்வலர்கள் கண்காணித்து, உழவர்களோடு பேசி, முட்டைகளைக் காத்து வருகின்றனர். சம்பல் ஆற்றின் மணல்திட்டுகளில் முட்டையிடும் அரிய பறவையினம் ஒன்றுக்கு, கரையோரச் சிற்றூர் மக்களே காவலர்களாக அமர்ந்து, நாய்களும் கால்நடைகளும் திட்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்கின்றனர்.

நெதர்லாந்தின் பிரீஸ்லாந்து மாநிலத்துச் செய்தி சிந்தனைக்குரியது. அங்கே வசந்தத்தின் முதல் ஆட்காட்டி முட்டையைத் தேடி எடுப்பது நெடுநாள் மரபாக இருந்தது. தேடும் திறன் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. பறவை குறையத் தொடங்கியபோது, முட்டை எடுத்த அதே கைகள் கூட்டுக்கு அருகே அடையாளக் கோல் நட்டு, புல் வெட்டும் உழவரிடம் இடத்தைக் காட்டத் தொடங்கின. உழவர் அவ்விடத்தை விலக்கி வெட்டினார். எடுக்கக் கற்ற அறிவு காக்கும் அறிவாக மாறியது. தமிழகச் சிற்றூர்களிலும் எந்தக் கரம்பில் ஆட்காட்டி முட்டையிட்டுள்ளது என்பதை முதலில் அறிபவர் ஆடு மேய்ப்பவரும், வயலில் களையெடுக்கும் பெண்களுமே. அவர்களே இப்பணியின் ஆசிரியர்கள்.

சொந்த ஊர் வயல்

இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் இன்னமும் நிலம் உண்டு. பொங்கலுக்கும் ஆலயத் திருவிழாவுக்கும் ஊருக்குச் செல்பவர்கள் வரப்புவரை நடந்து பார்த்துத் திரும்புவதும் வழக்கம். அந்த நடை ஒன்றே போதும். பருவத்தை அறிந்து நடந்தால் அது காவல் நடையாகும்.

சித்திரையில் ஓரிரு மழை பெய்தவுடன் கோடை உழவு நடைபெறும். ஆட்காட்டியின் அடைகாப்புக் காலமும் அதுவே. ஆனி, ஆடியில் மானாவாரி நிலக்கடலை விதைப்புக்கு நிலம் மீண்டும் கிளறப்படும். கௌதாரியும் காடையும் வரப்போரப் புல்லிலும் புதரிலும் அடைகாத்திருக்கக்கூடும். உழவைத் தள்ளிப்போட முடியாது, ஈரம் காய்ந்துவிடும் என்பது உண்மை. ஆயினும் முழு வயலையும் நிறுத்த வேண்டியதில்லை. கூட்டைச் சுற்றி ஒரு கட்டிலளவு நிலம் உழப்படாமல் இருந்தால் போதும். குஞ்சுகள் பொரித்து நகர்ந்த பின் அதையும் உழுதுகொள்ளலாம். ஒரு மரக்கால் கடலைகூட அதனால் குறையாது. டிராக்டர் ஓட்டுநருக்கு வாடகையோடு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: "பறவை கத்திக்கொண்டு சுற்றினால், இறங்கிப் பாருங்கள்." ஆட்காட்டி என்ற பெயரே ஆள் வருவதைக் காட்டுவதால் வந்தது. அந்தக் குரலைப் பொருள் அறிந்து கேட்பவர் ஒருவர் வயலில் இருந்தால், பறவை பாதி காக்கப்பட்டதாகும்.

வரப்பையும் வேலியையும் துப்புரவாக எரித்துவிடும் பழக்கத்தையும் இங்கே எண்ண வேண்டும். பார்வைக்கு அழகாகத் தெரியும் அந்தத் தீயில், கௌதாரியின் முழுக் குடும்பமும் அழியலாம்.

காவலரின் முறை

இப்பணிக்கு வருபவர் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில. இவை சமண இல்லங்களுக்குப் புதியவையல்ல.

முதலாவது, தொலைவு. பறவை எழுந்து கத்தத் தொடங்கினால், காவலர் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டார் என்பது பொருள். உடனே பின்வாங்கி, மரநிழலிலோ வரப்பிலோ அமர்ந்தால், சில நிமிடங்களில் அது தன் இடத்துக்குத் திரும்பி அமரும். அமர்ந்த இடமே கூடு. தேடி அலைய வேண்டுவதில்லை. பொறுத்திருந்தால் பறவையே காட்டிவிடும்.

இரண்டாவது, நேரம். காலையிலும் மாலையிலும் மட்டுமே செல்ல வேண்டும். நண்பகலில் பெற்றோரை எழுப்பினால், வெயிலில் முட்டைக்குள் இருக்கும் உயிர் வெந்துபோகும். அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று, பிற உயிரின் உணவையும் நீரையும் தடுத்தல். படம் எடுப்பதற்காகக் கூட்டருகே நெடுநேரம் நிற்பவர், குஞ்சுக்கும் தாயின் நிழலுக்கும் நடுவே நின்று தடுக்கிறார். அதுவும் அந்த அதிசாரத்தின் சாயல் உடையதே.

மூன்றாவது, அடையாளம். கூட்டின்மேல் கொடி நட்டால் அது காகத்துக்கும் சிறுவர்க்கும் அழைப்பாகும். சில கெஜம் தள்ளி, உழவு செல்லும் திசையில் முன்னும் பின்னும் இரு சிறு குச்சிகள் ஊன்றி, அவற்றின் நடுவே கூடு உள்ளது என்று ஓட்டுநரிடமும் நிலத்தவரிடமும் மட்டும் சொல்ல வேண்டும். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ பணிபுரிபவர், பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, ஒரு மாதம் அந்த மூலைக்கு வண்டி வராமல் நான்கு கற்களை வைக்கச் செய்யலாம். தடை செய்யப்பட்ட இடங்களுக்குள் இசைவின்றி எவரும் நுழைதல் கூடாது.

நான்காவது, பதிவு. கண்ட நாள், இடத்தின் தன்மை, முட்டைகளின் எண்ணிக்கை, வாரந்தோறும் நிலை, இறுதியில் நேர்ந்தது என்ன ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிழைத்ததை எழுதுவது போலவே அழிந்ததையும், அழிந்த காரணத்தையும் எழுத வேண்டும். தோல்வியை மறைத்த பதிவேடு அடுத்த ஆண்டு எவருக்கும் பயன்படாது. 1978இல் தொடங்கப்பட்ட சென்னை இயற்கையாளர் கழகம் போன்ற அமைப்புகளிலும், பறவை நோக்கர்கள் பயன்படுத்தும் இ-பேர்டு செயலியிலும் அக்குறிப்புகளைச் சேர்க்கலாம். கூட்டின் சரியான இடத்தைப் பலர் அறியப் பகிர்வது மட்டும் தவிர்க்கப்பட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டுப் பறவையின் முட்டைகளைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

அறியாத இரக்கம்

இறுதியாக, சற்றே கசப்பான செய்தி ஒன்று உண்டு. ஜீவகாருண்யம் சமண இல்லங்களின் இயல்பு. அந்த இயல்பே, அறிவோடு சேராதபோது, தரையில் வாழும் பறவைக்குத் தீங்காக முடிவதுண்டு.

கழிமுகக் கரையிலும் காலி மனைகளிலும் நாய்களுக்கு உணவு வைப்பவர் நல்லெண்ணத்தோடு வைக்கிறார். நாய்க்கு உணவளித்தல் பாவமன்று. ஆனால் முட்டைகள் கிடக்கும் திட்டின் ஓரத்தில் வைத்த சோறு, நாய்களையும் காகங்களையும் நாள்தோறும் அங்கே அழைத்து வரும். அவை சோற்றோடு நிற்பதில்லை. அதே உணவைத் தெருவிலோ வீட்டு வாயிலிலோ வைத்தால் இரு உயிர்களும் வாழும்.

தனித்துக் கிடக்கும் குஞ்சைக் கண்டு, தாயற்றது என்று வீட்டுக்கு எடுத்துவருபவர் உண்டு. தாய் பெரும்பாலும் அருகில்தான் இருக்கும். மனிதர் அகலக் காத்திருக்கும். கூண்டுப் பறவையை விலைகொடுத்து வாங்கி விடுவிப்பவர், அந்தப் பணத்தால் மற்றொரு கண்ணி வைக்கப்படுவதை அறிவதில்லை. காடையும் கௌதாரியும் இவ்வாறே வலையில் வீழ்கின்றன. விலை கொடுப்பதைவிட வனத்துறைக்குத் தெரிவிப்பதே அவ்வுயிர்களுக்கு நலம் தரும்.

நீரை வடிகட்டிப் பருகும் விரதத்தில் ஒரு நுட்பம் உண்டு. வடிகட்டியதோடு செயல் முடிவதில்லை. துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, அதே நீரால் அலசி, எந்தக் கிணற்றிலிருந்து நீர் வந்ததோ அதே கிணற்றில் மெல்ல விட வேண்டும் என்பது முன்னோர் வகுத்த முறை. உயிருக்கு அதன் இடமே வாழ்வு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். குஞ்சுக்கும் அதுவே விதி. அதைக் கையில் ஏந்துவதைவிட, அது கிடக்கும் நிலத்தை அதற்கு விட்டுவைப்பதே உயர்ந்த இரக்கம்.

நிறைவாக

ஆயிரம் கூடுகளைக் காக்க வேண்டும் என்று எவரும் மலைக்க வேண்டியதில்லை. ஒரு குடும்பம், ஒரு கோடையில், ஒரு கூட்டைப் பங்குனி முதல் வைகாசி வரை கண்காணித்தால் போதும். அவற்றுள் சில கூடுகள் அழியவே செய்யும். கீரிக்கும் பாம்புக்கும் இரை வேண்டும். அதை மாற்றுவது காவலரின் கடமையன்று. மனிதரின் காணாமையால் அழிவதை மட்டும் தடுப்பதே கடமை.

பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். கொல்லாமையை மனப்பாடமாகக் கற்ற பிள்ளை, கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு கற்கள் மட்டும் முட்டைகள் என்று ஒருநாள் கண்டுகொள்ளும்போது, ஈர்யா சமிதி என்பது முனிவர்க்கு மட்டும் உரிய சொல்லன்று என்பதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்ளும். அதன்பின் அப்பிள்ளை காலி மனை எதையும் காலியானது என்று எண்ணிக் கடக்காது.

ஊர்வலமும் அன்னதானமும் இன்று மாலையோடு நிறைவுறும். ஆட்காட்டியின் அடைகாப்போ இன்னும் சில வாரங்கள் தொடரும். அந்த வாரங்களில் வயலுக்கோ, கழிமுகத்துக்கோ, பணிபுரியும் வளாகத்துக்கோ செல்லும் ஒவ்வொருவரும் முன்னே நான்கு முழம் நிலத்தை நோக்கி நடப்பாராயின், பெருமானின் ஜன்ம கல்யாணம் அதுவரை நீடித்ததாகும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! வளர்க ஜினதருமம்! ஜெய ஜினேந்திரா!